மேகமலைக்கு வாங்க, ஆனா பங்குனியில காட்டுக்குள்ள வேண்டாம்

பழம் வெட்டு நடந்துக்கிட்டு இருந்ததால ஒரு மாசமா எழுத உட்கார முடியல. கடைசிப் பந்தலும் வெட்டி முடிஞ்சு, நேத்துத்தான் கொடிக்குத் தண்ணி விட்டுட்டு நிம்மதியாத் தூங்கினேன். மனசுல கிடந்து உறுத்திக்கிட்டே இருந்த ஒரு விஷயத்தை இன்னைக்கு எழுதிடலாம்னு உட்கார்ந்திருக்கேன். நகரத்துல இருந்து இதைப் படிக்கிறவங்களுக்காகத்தான் எழுதுறேன். கோபமா இருக்கிற மாதிரி தெரிஞ்சா மன்னிச்சுக்கோங்க. கோபம் பாதி உங்க மேல, பாதி என் மேலயே.

மாசி கடைசியில என் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. ஐப்பசியில நண்பர்களோட உத்தராகண்ட் போயிட்டு வந்தவன். சோப்தான்னு ஒரு ஊராம். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஏறினா துங்கநாத் சிவன் கோயில், 3,680 மீட்டர் உயரத்துல. இன்னும் கொஞ்சம் மேல ஏறினா சந்திரசிலா. போட்டோவை ஒவ்வொண்ணாத் தள்ளிக் காட்டுறான். பனி மலை, புல்வெளி, தூரத்துல ஒரு குதிரை. எனக்கும் பார்க்க ஆசையாத்தான் இருந்துச்சு.

"ஒரு சத்தம் கிடையாது மாமா. காதுல காத்து மட்டும்தான். நம்ம பக்கம் இப்படி ஒரு இடம் இல்லையே?"

நான் ஒண்ணும் சொல்லல. கிணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போய் தெற்கே கையைக் காட்டினேன். ஓடைப்பட்டியில பிறந்தவங்களுக்கு அந்த மலை சுவரு மாதிரி. காலையில எந்திரிச்சதும் அதுல மேகம் இறங்கி இருக்கா, வெள்ளையாத் தெரியுதா, கருப்பாத் தெரியுதான்னு பார்த்துட்டுத்தான் மருந்து அடிக்கிறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுவோம். இவனும் சின்ன வயசுல லீவுக்கு வந்து இதே மேட்டுல விளையாடினவன்தான். இமயமலை வரைக்கும் போயிட்டு வந்தான், பாட்டி வீட்டு மலைக்கு ஏறினதே இல்ல.

மறுநாள் காலையில கிளம்பினோம். தென்பழனி செக்போஸ்ட்டுல வண்டி நம்பரை எழுதிக்கிட்டாங்க. அதைத் தாண்டினா 18 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூவோட பேரு வச்சுப் பலகை நட்டிருக்காங்க. மேல போகப் போகக் காத்து மாறுது. 1,500 மீட்டர் உயரத்துல ஹைவேவிஸ். வெள்ளைக்காரன் வச்ச பேரு அது. எங்க பெரியவங்க பச்சைக்கூமாச்சின்னு சொல்லுவாங்க. தேயிலைத் தோட்டம், நடுவுல அணைத்தண்ணி, ஓரத்துல சோலைக்காடு. பையன் வாயைத் திறந்தபடி நின்னான். "மாமா, இது ஏன் யாருக்கும் தெரியல?"

நான் சொன்னேன், "மாப்ள, யாருக்கும் தெரியாததாலதான் இது இப்படி இருக்கு."

ஆனா அது முழு உண்மை இல்ல. இந்த மலை அமைதியா இருக்கிறதுக்குக் காரணம் இருக்கு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல செக்போஸ்ட்டுல விட மாட்டாங்க. 2021 பிப்ரவரியில ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சுட்டாங்க. 1,016 சதுர கிலோமீட்டர், நாட்டோட 51-வது புலிகள் காப்பகம். நினைச்ச இடத்துல லாட்ஜ் கட்ட முடியாது, நினைச்ச இடத்துல நடக்க முடியாது. அமைதிங்கிறது யாரோ ஒருத்தர் வேலியைச் சாத்தி வச்சதால மிஞ்சினது. அந்த வேலிக்கு உள்ள விறகு பொறுக்க முடியாம, மாடு மேய்க்க முடியாம விலகி வந்தவங்க எங்க சனங்கதான். அதையும் சேர்த்து ஞாபகம் வச்சுக்கணும்.

சண்டை வந்தது மத்தியானம்.

டீ குடிச்சுக்கிட்டு இருக்கும்போது பையன் போனை எடுத்து ஒரு பாதையைக் காட்டினான். தேயிலை முடியிற இடத்துல இருந்து புல்லு மேடு வழியா ஒரு கோடு போகுது. யாரோ போயிட்டு வந்து பதிஞ்சு வச்சிருக்காங்க. "ரெண்டு மணி நேரம்தான் மாமா. உச்சியில நின்னா மொத்தக் கம்பம் பள்ளத்தாக்கும் தெரியுமாம்."

"வேண்டாம்ப்பா."

"இமயமலையிலேயே நாங்க நாலு பேரும் தனியாத்தான் ஏறினோம்."

"அது கோயிலுக்குப் போற பாதை. காலங்காலமா சனம் நடந்து தேஞ்ச கல்லு. வழியில டீக்கடை இருக்கும். இது அப்படி இல்ல."

டீக்கடை அண்ணனும் சொன்னாரு, "தம்பி, அங்கிட்டுப் போகாதீங்க. முந்தாநாள்கூட யானை நின்னுச்சு." பையன் முகம் சுருங்கிப்போச்சு. யானைக்குப் பயப்படுறீங்களான்னு ஒரு பார்வை. நான் யானையை நினைக்கல. நான் பார்த்தது அந்தப் புல்லை. ஆளு உயரத்துக்கு வளர்ந்து, காஞ்சு, வெள்ளை வெளேர்னு நிக்குது. கையில எடுத்துக் கசக்கினா பொடியாகும். மார்கழியோட மழை நின்னா, மாசி பங்குனியில மலைப்புல்லு எல்லாம் தீக்குச்சி மாதிரிதான். மத்தியானத்துல காத்து பள்ளத்தாக்குல இருந்து மேல ஏறும். அந்த நேரத்துல, அந்தப் புல்லுக்குள்ள, அக்கா மகனை நான் விட மாட்டேன்.

ஏன்னு அவன்கிட்ட சொன்னதை உங்களுக்கும் சொல்றேன்.

2018 மார்ச் 11, ஞாயித்துக்கிழமை. அன்னைக்குப் போடியில எங்க சொந்தக்காரங்க வீட்டுல இருந்தேன். பொழுது சாயிற நேரத்துல குரங்கணிப் பக்கம் மலையில தீன்னு சொன்னாங்க. பங்குனி நெருங்கினா மலையில தீ தெரியறது எங்களுக்குப் புதுசு இல்ல. ராத்திரி ஆனா மாலை போட்ட மாதிரி மின்னும். சின்னப் பிள்ளைங்க வேடிக்கை பார்க்கும். ஆனா அன்னைக்கு உள்ள ஆளுங்க இருக்காங்கன்னு செய்தி வந்துச்சு. சென்னையில இருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் இருந்தும் மலையேற வந்த பிள்ளைங்க. பொம்பளைப் பிள்ளைங்கதான் ஜாஸ்தி. கொழுக்குமலைக்குப் போயிட்டு இறங்கும்போது தீயில மாட்டிக்கிட்டாங்க. விடிய விடிய ஆம்புலன்ஸ் சத்தம். கடைசிக் கணக்குல 23 பேர் போயிட்டாங்க. சிலர் அங்கேயே, சிலர் ஆஸ்பத்திரியில நாள் கணக்காப் போராடி.

முதல்ல மேல ஏறினது குரங்கணி ஊர்க்காரங்க. ஹெலிகாப்டர் வர்றதுக்கு முன்னாடி, இருட்டுல, போர்வையில டோலி கட்டித் தூக்கிட்டு இறங்கினாங்க. அதுல பாதிப் பேருக்கு அந்தப் பிள்ளைங்க பேருகூடத் தெரியாது.

நகரத்துல இருக்கிறவங்களுக்கு ஒரு சந்தேகம் வரும், தீயைப் பார்த்தா ஓடிட வேண்டியதுதானேன்னு. ஓட முடியாது. சமதரையில தீ நடக்கும், ஏத்தத்துல தீ ஓடும். கீழ எரியிற சூடு மேல இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வச்சுடும், அப்புறம் பத்திக்க ஒரு நொடி போதும். மனுசனுக்கு ஏத்தத்துல மூச்சு வாங்கும். தீக்கு ஏத்தம்தான் இறக்கம். புகையில வழி தெரியாது. பயத்துல ஆளுக்கு ஒரு திசையா ஓடுவாங்க. மலையில வளர்ந்தவன் என்ன பண்ணுவான்னா, புல்லை விட்டு விலகிப் பாறைக்கோ ஓடைப் பள்ளத்துக்கோ போவான். அதுவும் முடியலன்னா ஏற்கெனவே எரிஞ்சு கருகின இடத்துல போய் நிப்பான். எரிஞ்ச இடம் மறுபடி எரியாது. இது புத்தகத்துல படிச்சது இல்ல, ஆடு மேய்க்கிற பையனுக்குத் தெரியும். இமயமலைக்குப் போய் வந்த என் மாப்பிள்ளைக்குத் தெரியல. தெரியாதது தப்பு இல்ல. தெரிஞ்சவனைக் கூட்டிட்டுப் போகாததுதான் தப்பு.

இப்ப என் கதைக்கு வர்றேன். ஊருக்கு உபதேசம் பண்றவன் தன் தப்பையும் சொல்லணும்ல.

பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, இதே மாதிரி ஒரு பங்குனி. கவாத்து வெட்டின குச்சியெல்லாம் வரப்போரம் குவிச்சுக் கிடந்துச்சு. காலையில எட்டு மணிக்கு நெருப்பு வச்சேன். காத்தே இல்ல. எரிஞ்சு அடங்கிருச்சுன்னு நினைச்சு சாப்பிட வீட்டுக்குப் போயிட்டேன். பதினோரு மணிக்குப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் சத்தம் போட்டார். உள்ள இருந்த கங்கு காத்துல எந்திரிச்சு, வரப்புப் புல்லைப் பிடிச்சு, அவரோட சொட்டுநீர்க் குழாயை உருக்கிட்டு, கரட்டுல ஏறிக்கிட்டு இருந்துச்சு. பதினோரு பேரு பச்சைக் கொழையை ஒடிச்சு அடி அடின்னு அடிச்சோம். அடங்க மூணு மணி ஆச்சு. அது கரட்டைத் தாண்டி மலை அடிவாரத்தைத் தொட்டிருந்தா? அன்னைக்கு மேல யாராவது நடந்துக்கிட்டு இருந்திருந்தா? குழாய்க்குக் காசு கொடுத்துட்டேன். அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் கொடுக்கல. அதுக்கப்புறம் நான் குச்சியை எரிக்கிறது இல்ல, பொடியாக்கி மண்ணுக்கே போட்டுடறேன்.

அதனால, காட்டுத்தீக்கு வெளியூர்க்காரன்தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். மலைத்தீயில பெரும்பங்கு மனுசன் கை பட்டது. புதுப்புல்லு வரட்டும்னு வைக்கிறவன், தேன் எடுக்கப் போய் பந்தத்தை விட்டவன், பீடியைத் தூக்கிப் போட்டவன், என்னை மாதிரி சோம்பேறி விவசாயி, சோறு பொங்கிச் சாப்பிட்டுக் கல்லடுப்பை அணைக்காம வந்த சுற்றுலாக்காரன், எல்லாரும் உண்டு. பொறி யாரோடதுன்னு தீ கேட்கிறது இல்ல. காஞ்ச மாசத்துல மலைக்குள்ள எத்தனை பேரு இருக்காங்களோ, அத்தனை பேரும் ஒருத்தரோட கவனத்துல உசிரோட இருக்காங்க. அதான் நான் சொல்ல வந்தது.

அப்ப மலையை மொத்தமா மூடிடலாமா? கூடாதுன்னுதான் சொல்லுவேன்.

2023-ல அரிக்கொம்பனை நினைச்சுப் பாருங்க. சின்னக்கானல்ல ஏப்ரல் 29 பிடிச்சு பெரியாறு காட்டுல விட்டாங்க. அது நேரா மேகமலைப் பக்கம் வந்துச்சு. மே 27 கம்பம் டவுனுக்குள்ளேயே இறங்கிருச்சு. ஜூன் 5 பிடிச்சுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டு போனாங்க. அதுக்குள்ள நாங்க ராத்திரித் தண்ணி பாய்ச்சப் போகல. மேகமலைக்கும் சுற்றுலா வண்டியை நிறுத்திட்டாங்க, அதுவும் கோடை லீவுல. தோட்டக்காரன் ஒருநாள் பயந்து கிடந்தா மறுநாள் வேலை பார்ப்பான். வண்டி ஓட்டுறவனுக்கும் டீக்கடைக்காரனுக்கும் போன சீசன் போனதுதான். மூடுறதோட விலையை முதல்ல கொடுக்கிறது அவங்க. அதோட, ஆள் நடமாட்டமே இல்லாத காட்டுல திருட்டு வேட்டைக்காரனுக்கும் வசதியாப் போயிடும். உள்ளூர்க்காரன் கண்ணு காட்டுல இருக்கணும். அந்தக் கண்ணுக்கு ஒரு கூலி கிடைக்கணும்.

வழி இல்லாம இல்ல. குரங்கணிக்கு அப்புறம் 2018-லயே அரசாங்கம் மலையேற்றத்துக்குத் தனியா விதி போட்டுச்சு. 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு ஆரம்பிச்சு மாநிலம் முழுக்க 40 பாதை திறந்திருக்காங்க. ஆன்லைன்ல பணம் கட்டிப் பதிஞ்சுட்டுப் போகணும். உள்ளூர் ஆளுங்களுக்கு, அதுல மலைவாழ் மக்களுக்கும், பயிற்சி கொடுத்து வழிகாட்டியா வச்சிருக்காங்க. 2025-ல தீ சீசனுக்காகப் பிப்ரவரி 15-ல இருந்து ஏப்ரல் 15 வரைக்கும் மூடியும் வச்சாங்க. இதுதான் சரி. என்ன குறைன்னா, முறையாப் பதிஞ்சு வர்றவனுக்குப் பாதை மூடியிருக்கும்போது, போன்ல கோடு பார்த்துட்டு வர்றவனுக்குப் புல்லு மேடு திறந்தே கிடக்கு. அவனைத் தடுக்க காவலர் எத்தனை பேர் இருந்தாலும் பத்தாது. அவனே நிக்கணும்.

இமயமலைக்காரங்களும் இந்தப் பாடத்தைப் படிச்சவங்கதான். அதே 2018-ல, ஆகஸ்ட்டுல, உத்தராகண்ட் ஹைகோர்ட் மலை உச்சிப் புல்வெளிகள்ல ராத்திரி கூடாரம் போடக்கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு. பையன் காட்டின போட்டோவுல இருந்த மாதிரி புல்வெளிதான். அங்க அதுக்கு புக்யால்னு பேரு. 2023 ஜனவரியில ஜோஷிமட்டுல வீடெல்லாம் வெடிப்பு விட்டு, சனங்க பெட்டி படுக்கையோட வெளியேறினதை எல்லாரும் டிவியில பார்த்தோம். நம்ம ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் இல்லாம போக முடியாது. மறுவருஷம் கோடையில ஊட்டிக்கு வார நாள்ல 6,000 வண்டி, வாரக் கடைசியில 8,000 வண்டி. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. கோர்ட்டு சொன்ன கணக்கு. இங்க ஊட்டியில கூட்டம்னு சோப்தாவுக்குப் போறோம். சோப்தாவுல கூட்டம் வந்தா இன்னும் உள்ள ஒரு ஊரைத் தேடுவோம். 'கூட்டம் இல்லாத இடம்'னு தேடிப் போற கூட்டத்துல நாமளும் ஒரு ஆள்.

இதுல எனக்கு என்ன நஷ்டம்னு கேட்டா, தண்ணி. மேகமலையும் வருசநாட்டு மலையும்தான் வைகைக்குத் தாய்வீடு. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம்னு அஞ்சு மாவட்டம் அந்தத் தண்ணியைப் பார்த்துக் கிடக்கு. சோலைக்காடும் புல்வெளியும் பஞ்சு மாதிரி மழையைக் குடிச்சு வச்சுக்கிட்டு, மழை நின்ன பிறகும் சொட்டுச் சொட்டா விடும். புல்லு எரிஞ்சுபோன மலையில மழை பெஞ்சா தண்ணி நிக்காம மண்ணையும் அள்ளிக்கிட்டு ஓடிடும். எங்க ஊரு பேரே ஓடைப்பட்டி. போன ஐப்பசி மழையில ஓடை வந்துச்சுன்னு சந்தோசமாப் போய்ப் பார்த்தா, தண்ணிக்கு முன்னாடி பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் மிதந்து வருது. தண்ணி வடிஞ்சதும் வாய்க்காலைச் சுத்தம் பண்ணின அக்காவுக்கு உடைஞ்ச பீர் பாட்டில் கால்ல ஏறிருச்சு. நாலு தையல், பத்து நாள் வேலை இல்ல. குடிச்சவன் எந்த ஊருக்காரனோ, எங்க ஊருக்காரனாக்கூட இருக்கலாம். நீலகிரியில 2022-ல இருந்து காலி மதுபாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா 10 ரூபாய்னு வச்சாங்க. அதே மாதிரி தென்பழனி செக்போஸ்ட்டுல உள்ள போற பாட்டிலை எண்ணி விடுங்க, திரும்பும்போது எண்ணி வாங்குங்க. பெரிய திட்டமெல்லாம் வேண்டாம், ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அந்த மலையில நமக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கு. 1948-ல ஹைவேவிஸ் மலையில ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடிச்சு பம்பாய் மியூசியத்துக்கு அனுப்பினாங்க. அது உலகத்துல வேற யாரும் பார்க்காத புது இனம்னு கண்டுபிடிச்சது 1972-ல. இப்ப அதுக்கு சலீம் அலி பேரு. நம்ம வீட்டுக் கூரை மேல இருந்த ஜீவனை அடையாளம் காண 24 வருஷம் ஆகியிருக்கு. ஒரு மத்தியானத் தீ அதையெல்லாம் கணக்கெடுத்துக்கிட்டு இருக்காது.

பையன் என்ன பண்ணினான்னு சொல்லல இல்ல? டீக்கடையில பேசாம உட்கார்ந்திருந்தான். இறங்கும்போதும் பேசல. பதினெட்டு வளைவும் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே வந்தான். ராத்திரி சாப்பிடும்போதுதான் கேட்டான், "மாமா, குரங்கணியில செத்தவங்களுக்கு என்ன வயசு இருக்கும்?" "உன் வயசுதான்ப்பா"ன்னேன். அவன் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தான். மறுநாள் பழம் வெட்ட வந்தான். அரை நாள்ல கழுத்து வலிக்குதுன்னு உட்கார்ந்துட்டான், அது வேற விஷயம்.

இப்ப உங்களுக்கு. மேகமலைக்கு வாங்க. ஆடிச் சாரல்ல வாங்க, இல்லன்னா பெருமழை விட்ட பிறகு மார்கழி, தையில வாங்க. காலையில ஏறி, ஆறு மணிக்குள்ள இறங்கிடுங்க. நடக்கணும்னு ஆசையா இருந்தா முறையாப் பதிஞ்சு, உள்ளூர் ஆளைக் கூட்டிக்கிட்டு, திறந்து வச்சிருக்கிற பாதையில நடங்க. அவர் வேண்டாம்னு சொன்னா வாதாடாதீங்க. பாட்டிலைத் திரும்பக் கொண்டு போங்க. போன பாதையைப் போன்ல பதிஞ்சு ஊருக்கெல்லாம் காட்டாதீங்க. உங்களுக்கு அடுத்து வர்றவன் அந்தக் கோட்டை மட்டும்தான் பார்ப்பான், மாசத்தைப் பார்க்க மாட்டான்.

பங்குனியிலதான் லீவு கிடைக்குதுன்னா அப்பவும் வாங்க, தோட்டத்துக்கு வாங்க. விதையில்லாப் பழம் கொடியிலேயே இருக்கும், பறிச்சுச் சாப்பிடலாம். பந்தலுக்குள்ள வெயில் தெரியாது. கிணத்து மேட்டுல கட்டில் போட்டுத் தர்றேன். அங்க இருந்தே மலை நல்லாத் தெரியும்.